படுக்கையில் கழிக்கக் கூடாத நாட்கள்: உறுப்பு மாற்றுக்குக் காத்திருப்போருக்கு உடலசைவு ஏன் தேவை

வடசென்னையின் தண்டையார்பேட்டையில் எங்கள் பெரியப்பா கல்லீரல் மாற்று அறுவைக்குப் பெயர் பதிந்துவிட்டு வீடு திரும்பிய நாளிலிருந்து, அவர் செய்துவந்த வேலைகளை நாங்கள் ஒவ்வொன்றாக அவரிடமிருந்து எடுத்துக்கொண்டோம். காலையில் பால் பாக்கெட் வாங்கிவருவது தம்பியின் பொறுப்பாயிற்று. மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுத்து மடிப்பது என்னிடம் வந்தது. தட்டைக் கழுவப் போனால்கூட ஆயா, "நீ சும்மா படுடா, நாங்க பாத்துக்கிறோம்" என்று கையிலிருந்து வாங்கிவிடுவார். நான்கு மாதம் கழித்து மறுபரிசோதனைக்குச் சென்றபோது, கைகளை மார்பின் மேல் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னார்கள். அவரால் இரண்டு முறைக்கு மேல் எழ முடியவில்லை. நோய் முற்றிவிட்டது என்றே நாங்கள் பயந்தோம். நோயின் பங்கு அதில் இருந்தது உண்மைதான். ஆனால் நாங்கள் அன்போடு அவரைப் படுக்கவைத்த நான்கு மாதங்களின் பங்கும் இருந்தது என்பதை அங்கிருந்த இயன்முறை மருத்துவர் பொறுமையாக விளக்கிய பிறகே புரிந்துகொண்டோம். அவர் விளக்கியதையும், அதன் பிறகு நாங்கள் கற்றுக்கொண்டதையும், இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்காக முதலிலிருந்து சொல்ல முயல்கிறேன்.

சிறுநீரகம், கல்லீரல், இதயம், நுரையீரல் ஆகியவற்றில் ஒன்று மீட்க முடியாத அளவுக்குப் பழுதாகும்போது, வேறொருவரின் உறுப்பைப் பொருத்துவதே உறுப்பு மாற்று. சிறுநீரகத்தையும் கல்லீரலின் ஒரு பகுதியையும் உயிருடன் இருக்கும் உறவினர் தர முடியும். தருவதற்கு அப்படி யாரும் இல்லாதபோதும், இதயம் போன்ற உறுப்பு தேவைப்படும்போதும், மூளைச்சாவு அடைந்த ஒருவரின் குடும்பம் தானம் தர முன்வரும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பகிர்ந்தளிக்கும் திட்டம் 2008ஆம் ஆண்டு தொடங்கியது. இப்போது தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் காத்திருப்போரின் பட்டியலைப் பராமரிக்கிறது. ரத்த வகை பொருந்த வேண்டும், உறுப்புக்கேற்ற மற்றப் பொருத்தங்களும் அமைய வேண்டும். ஆகவே அழைப்பு அடுத்த வாரம் வருமா, இரண்டு ஆண்டு கழித்து வருமா என்று யாராலும் நாள் குறித்துச் சொல்ல முடியாது. நாள் தெரியாத ஒரு பெரிய அறுவைக்கு உடலை எப்போதும் ஆயத்தமாக வைத்திருப்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள்.

உறுப்பு பழுதாகும்போது அதனோடு சேர்ந்து தசையும் கரைகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். நலமான கல்லீரல், நாம் உறங்கும் இரவு நேரத்துக்கு வேண்டிய சர்க்கரையைச் சேமித்து வைத்துச் சிறிது சிறிதாக ரத்தத்தில் விடுகிறது. சிரோசிஸ் எனும் தழும்பேறும் நோய் வந்து சுருங்கிய கல்லீரலுக்கு அந்தச் சேமிப்பு இல்லை. ஆகவே ஓர் இரவு உண்ணாமல் கிடப்பது, நலமான ஒருவர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடப்பதற்குச் சமமாகி, உடல் தன் தசையையே கரைத்துச் சர்க்கரையாக்கிக்கொள்ளத் தொடங்குகிறது. சிறுநீரகம் பழுதானவருக்கு ரத்தத்தில் ஏறும் அமிலத்தன்மையும் ரத்தசோகையும் தசையை மெலியவைக்கின்றன. இயந்திரத்தால் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸின் போது புரதத்தின் மூலப்பொருட்களில் ஒரு பகுதியும் வெளியேறிவிடுகிறது. இதயம் பலவீனமானவரின் கால் தசைகளுக்கு ரத்தம் போதிய அளவில் சென்று சேர்வதில்லை. நுரையீரல் நோயாளிக்கோ நாலடி வைத்தாலே மூச்சு வாங்குகிறது. அதற்குப் பயந்து அவர் நடையைக் குறைக்கிறார், குறைத்ததால் கால்கள் மெலிகின்றன, மெலிந்த கால்கள் அதே நாலடிக்கு முன்பைவிட அதிக மூச்சைக் கேட்கின்றன.

இத்தனைக்கும் மேல் படுக்கையும் சேர்ந்துகொள்கிறது. எந்த நோயும் இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்து பார்த்த ஓர் ஆய்வில், அவர்களுடைய கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. நலமானவர்களுக்கே பத்து நாளில் அவ்வளவு என்றால், நோயுற்றவரை மாதக்கணக்கில் படுக்கவைப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எலும்பும் தோலுமாகத் தேய்ந்து, சிறு காய்ச்சலைக்கூடத் தாங்க முடியாமல் போகும் இந்த நிலையை மருத்துவர்கள் உடல் நலிவு என்கிறார்கள். நலிவு மிகுந்துவிட்டால் அறுவையை உடல் தாங்காது என்று கருதி, தேறும்வரை பட்டியலில் அவர் முறையை நிறுத்திவைக்கவும் நேரிடும். நீண்ட காலம் காத்திருந்துவிட்டு, உறுப்பு கிடைக்கும் வேளையில் உடல் அதை ஏற்க இயலாமல் போவதைவிட வேதனையானது வேறில்லை.

அறுவைக்குப் பின் என்ன நடக்கிறது என்பதையும் அறிந்துகொண்டால் இந்தப் பயிற்சியின் தேவை இன்னும் தெளிவாகும். பல மணி நேரம் மயக்கத்தில் இருந்து, செயற்கைச் சுவாசக் கருவியிலிருந்து விடுபட்டு, நோயாளி தன் மூச்சைத் தானே இழுக்க வேண்டும்; நெஞ்சில் சளி தேங்காமல் இருமி வெளியேற்ற வேண்டும். உடல்நிலை ஒத்துழைத்தால் ஓரிரு நாளிலேயே கட்டிலோரம் கால்களைத் தொங்கவிட்டு உட்காரவைத்து, பிறகு நாற்காலிக்கும், பிறகு வராந்தாவுக்கும் அழைத்துச் செல்வார்கள். புதிய உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்கத் தரப்படும் மருந்துகளில் ஸ்டீராய்டும் உண்டு. அதுவும் தசையைக் கரைக்கக்கூடியது. ஆகவே அறுவை அரங்குக்குள் போகும்போது ஒருவரிடம் எவ்வளவு தசை கையிருப்பு இருக்கிறது என்பது, வெளியே வந்த பின் எத்தனை நாளில் தன் காலால் கழிவறைக்குப் போவார் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது.

மருத்துவமனையில் இந்தக் கையிருப்பை அளப்பதற்கு எளிய வழிகள் உண்டு. முப்பது மீட்டர் நீளமுள்ள சமதளமான வராந்தாவில் ஆறு நிமிடம் இங்குமங்கும் நடக்கவைத்து, கடந்த தூரத்தைக் கணக்கிடுவது ஒன்று. வேண்டிய இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம், ஆனால் கடிகாரம் நிற்காது. கல்லீரல் நோயாளிகளுக்குக் கைப்பிடியின் இறுக்கம், நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழ ஆகும் நேரம், பாதங்களைப் பக்கவாட்டிலும் ஒன்றன்பின் ஒன்றாகவும் வைத்துப் பத்து வினாடி தடுமாறாமல் நிற்பது ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரு மதிப்பெண் கணக்கிடுகிறார்கள். நாற்காலிச் சோதனையை வீட்டிலேயே, பக்கத்தில் ஒருவர் நிற்க, மாதம் ஒருமுறை செய்து நாட்காட்டியில் வினாடியைக் குறித்துவைக்கலாம். பெரியப்பாவுக்கு நாங்கள் அப்படித்தான் குறித்தோம். எண்ணிக்கை தேறுவதைக் கண்ணால் பார்ப்பது அவருக்குத் தந்த தெம்பை எங்கள் ஆறுதல் மொழிகள் தந்ததில்லை.

பயிற்சியை எவ்வளவு, எவ்வளவு வேகத்தில் செய்வது என்பதே தொடங்குவோர் எல்லோரும் கேட்கும் கேள்வி. முதலில், தொடங்குவதற்கு முன் உங்களைப் பார்க்கும் மாற்று சிகிச்சைக் குழுவிடம் கட்டாயம் அனுமதி கேட்க வேண்டும். ஒருவருக்கு ஏற்ற பயிற்சி இன்னொருவருக்கு ஆபத்தாகலாம். அனுமதி கிடைத்த பின் வேகத்தை அளக்க உங்கள் பேச்சே போதும். நடந்துகொண்டே பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் ராகமெடுத்துப் பாட முடியாத அளவுக்கு மூச்சு சற்றே கூட வேண்டும். அதுதான் மிதமான வேகம். பேச்சு நடுவில் அறுந்தால் வேகம் மிகுதி. பூஜ்யம் என்றால் சிரமமே இல்லை, பத்து என்றால் இனி முடியாது என்று வைத்துக்கொண்டால், மூன்று அல்லது நான்கில் நிற்பது நல்லது. நாடித்துடிப்பை எண்ணி வேகத்தைத் தீர்மானிக்க வேண்டாம். இதயத்துக்கும் கல்லீரலுக்கும் தரப்படும் சில மாத்திரைகள் துடிப்பைக் குறைத்து வைத்திருப்பதால் அந்த எண் ஏமாற்றிவிடும்.

நேரத்தைப் பொறுத்தவரை, முற்றிலும் தளர்ந்தவர் ஐந்து நிமிட நடையை நாளுக்கு மூன்று முறை என்று தொடங்கலாம். ஒரு வாரம் சிரமமில்லாமல் போனால் ஒவ்வொரு நடைக்கும் ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ கூட்டலாம். தொடக்கத்திலும் முடிவிலும் சில நிமிடம் மெதுவாக நடப்பது அவசியம். வேகமாக நடந்துவிட்டுச் சட்டென்று நின்றால் ரத்தம் கால்களில் தங்கித் தலை சுற்றும். நடை மட்டும் போதாது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம்மில் பலர் உடற்பயிற்சி என்றாலே வாக்கிங் என்று நினைத்துவிடுகிறோம். தசையைக் கட்டுவது, எடைக்கோ தடைக்கோ எதிராகத் தசையை இயக்கும் எதிர்ப்புப் பயிற்சி. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரில் உள்ளங்கைகளை ஊன்றித் தள்ளுவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்து மடக்கி நீட்டுவது ஆகியவற்றை எட்டு முதல் பத்து முறை, வாரத்தில் இரண்டு மூன்று நாள் செய்தால் போதும். இவற்றுக்கு ஜிம் தேவையில்லை, காசும் தேவையில்லை. எழும்போது மூச்சை வெளியே விட வேண்டும். மூச்சை அடக்கி முக்கக் கூடாது.

எங்கே நடப்பது என்பது வடசென்னைக்காரருக்குத் தனிப் பிரச்சினை. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியிலும், ஆலைகள் நிறைந்த மணலிப் பக்கமிருந்து காற்று வீசும் நாளின் நெடியிலும், நுரையீரலோ இதயமோ பழுதானவர் நடப்பது நன்மையைவிடத் தீமையே தரும். பெரிய சாலையை விட்டு உள்தெருவுக்கோ பூங்காவுக்கோ போவது நல்லது. ராபின்சன் பூங்கா என்று பெரியவர்கள் இன்றும் சொல்லும் ராயபுரம் அறிஞர் அண்ணா பூங்காவைப் போல, நிழலும் உட்கார இருக்கையும் உள்ள இடமாக இருக்க வேண்டும். இருக்கை முக்கியம், அடுத்த இருக்கை எத்தனை அடியில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் தளர்ந்தவர் துணிந்து நடப்பார். ஏப்ரல், மே மாதங்களில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும். மாலையில் கடற்காற்று நன்றாக வீசத் தொடங்கிய பிறகு இரண்டாம் நடையை வைத்துக்கொள்ளலாம். போகியன்று வெளியே போகவே வேண்டாம். மறுநாள் காலைப் பனியோடு கலந்து நிற்கும் புகையும் அதே அளவு கெடுதல். மழைக்காலத்தில் வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும் நாட்களில், அந்தச் சாக்கடை கலந்த நீரில் கால் வைக்காமல் வீட்டுக்குள்ளேயே சுவரோரம் நடந்து நிமிடக் கணக்கை முடித்துக்கொள்ள வேண்டும்.

மொட்டை மாடி நடைக்கு நல்ல இடம்தான், ஆனால் கைப்பிடிச் சுவர் உள்ளதாகவும், ஏறும்போது துணைக்கு ஒருவர் இருப்பதாகவும் பார்த்துக்கொள்ள வேண்டும். லிஃப்ட் இல்லாத ஹவுசிங் போர்டு வீடுகளின் மூன்றாம் மாடியில் இருப்போர் பலர், படிக்குப் பயந்து கீழே இறங்குவதையே நிறுத்திவிடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு படிக்கட்டுச் சுற்று ஏறி, நடுவில் உள்ள தளத்தில் நின்று மூச்சு வாங்கி, பிறகு அடுத்த சுற்று ஏறுவதே ஒரு பயிற்சி. தெருக் குழாயிலிருந்து நிறைகுடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வருவது மட்டும் பயிற்சியில் சேராது. அதை விட்டுவிட வேண்டும், குறிப்பாகக் கல்லீரல் நோயாளிகள்.

அவர்களுக்கு ஏன் கூடாது என்றால், சுருங்கிய கல்லீரலுக்குள் ரத்தம் எளிதாகப் புக முடியாமல் பின்னே தேங்கும்போது உணவுக்குழாயின் ரத்த நாளங்கள் புடைத்துக்கொள்கின்றன. பெரும் பாரத்தை மூச்சடக்கித் தூக்கும்போது வயிற்றுக்குள் அழுத்தம் ஏறி, அந்த நாளங்களுக்குச் சுமை கூடுகிறது. வயிற்றில் நீர் கோத்தவர்களுக்குத் தொப்புளருகே குடல் பிதுங்கவும் வழியாகிறது. ஆகவே இவர்களுக்குச் சிறு எடையும் கூடுதல் தடவையும் பொருத்தம். இவர்கள் வெறும் வயிற்றில் நடக்கவும் கூடாது. காலையில் எழுந்ததும் ஒரு இட்லியோ பிஸ்கட்டோ சாப்பிட்ட பிறகே செருப்பை மாட்ட வேண்டும். இரவு படுக்கும் முன் ஒரு சிறு உணவும் தேவை. கல்லீரல் கெட்டவருக்குப் புரதம் ஆகாது என்ற பழைய எண்ணம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. இன்றைய மருத்துவம் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தரச் சொல்கிறது. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு அது 72 முதல் 90 கிராம். புரதம் இல்லாத பயிற்சி, செங்கல் இல்லாமல் கொத்தனாரை அழைப்பது போன்றது. முட்டை, பருப்பு, சுண்டல், நன்றாக வெந்த மீன் எல்லாம் உணவியல் நிபுணர் சொல்லும் அளவில் சேர வேண்டும். காசிமேட்டில் வாங்கிய இறாலும் மட்டியும் அரைவேக்காடாக மட்டும் இருக்கவே கூடாது. தசைக்கு இன்னொரு வேலையும் உண்டு: கல்லீரல் நீக்கத் தவறும் அம்மோனியாவின் ஒரு பகுதியைத் தசை உறிஞ்சிக்கொள்கிறது. அம்மோனியா ஏறினால் மூளை மந்தமாகிக் குழப்பம் வரும். கை நடுங்கி, பேச்சு தடுமாறும் நாளில் தனியே நடக்க விடாமல் மருத்துவரை அழைக்க வேண்டும்.

டயாலிசிஸில் இருப்போர், டயாலிசிஸ் முடித்து வந்த மாலையில் நடக்க முயல வேண்டாம். ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும் நேரம் அது. இடைப்பட்ட நாட்களே அவர்களுக்கு ஏற்றவை. சில மையங்களில் டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்போதே, முதல் இரண்டு மணி நேரத்துக்குள், படுத்தபடி மிதிக்கும் சைக்கிளைத் தருவார்கள். டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையின் ரத்த நாளங்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்டவர்கள் அந்தக் கையை அசைக்கவே கூடாது என்று நினைத்து அதை மடியிலேயே வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். புண் ஆறி, மருத்துவர் சொன்ன பின், மென்மையான பந்தை அந்தக் கையால் அழுத்துவது ரத்த நாளம் பருத்து முதிர உதவுகிறது. இறுக்கிக் கட்டுவது, ரத்த அழுத்தக் கருவியைச் சுற்றுவது, அந்தக் கையைத் தலைக்குக் கீழே வைத்துத் தூங்குவது ஆகியவைதான் கூடாதவை. இன்னொன்று: வெயிலில் நடந்து வந்தவருக்கு இளநீர் கொடுப்பது நம் ஊர் வழக்கம். சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு அதிலுள்ள பொட்டாசியம் இதயத் துடிப்பையே குலைத்துவிடும். தண்ணீர் அளவும் அவர்களுக்குக் கட்டுப்பாட்டில் இருப்பதால், அதிகம் வியர்க்காத நேரத்தில் நடப்பதுதான் சரியான வழி. உப்புப் போட்ட மோரும் இப்படித்தான். வயிற்றிலோ காலிலோ நீர் கோக்கும் கல்லீரல், இதய நோயாளிகளுக்கு அது ஆகாது.

நுரையீரலுக்காகக் காத்திருப்போர் பலர் ஆக்சிஜனோடு இருப்பார்கள். நடக்கும்போது குழாயைக் கழற்றிவிட்டு நடப்பது வீரமல்ல. அசையும்போதுதான் ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படும், எவ்வளவு கூட்டுவது என்பதை மருத்துவர் எழுதித் தருவார். விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் அவர் குறித்த அளவுக்குக் கீழே, பெரும்பாலும் 88 என்ற எண்ணுக்குக் கீழே, இறங்கினால் நின்றுவிட வேண்டும். சூடான டீயை ஊதி ஆற்றுவதுபோல உதட்டைக் குவித்து, உள்ளிழுத்த நேரத்தைப் போல இரு மடங்கு நேரம் மூச்சை வெளியே விடுவது இளைப்பை அடக்கும். இதய நோயாளிகள் தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும். ஓரிரு நாளில் ஒன்றிரண்டு கிலோ கூடினால் அது சதையல்ல, நீர். அன்று நடையை நிறுத்தி மருத்துவமனைக்குப் பேச வேண்டும்.

நெஞ்சு வலி, மயக்கம் வருவது போன்ற உணர்வு, புதிதாகப் படபடப்பு, ஓய்வெடுத்தும் அடங்காத மூச்சிரைப்பு, காய்ச்சல், ரத்த வாந்தி, கரிய மலம் இவற்றில் எதுவானாலும் பயிற்சி அந்த இடத்திலேயே நிற்க வேண்டும், மருத்துவ உதவி தேட வேண்டும். மறுநாளும் உடல் அடித்துப்போட்டது போலிருந்தால் முந்தைய நாள் அளவு மிகுதி என்று பொருள்; பாதியாகக் குறைத்துத் தொடரலாம். இடையில் மருத்துவமனையில் சேர நேர்ந்தால், திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்காமல், மீண்டும் ஐந்து நிமிடத்திலிருந்தே தொடங்க வேண்டும். எங்கள் பெரியப்பா இருமுறை அப்படித் தொடங்கினார்; இரண்டாம் முறை மனம் விட்டுப்போய் இரண்டு வாரம் எழவே மறுத்தார். அவரை எழுப்பியது அறிவுரையல்ல. பெரியம்மா ஒருநாள் கீரைக்கட்டை அவர் முன் வைத்து, "நின்னுக்கினே ஆஞ்சு குடு" என்று மட்டும் சொன்னார். பறித்த வேலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்ததே எங்கள் வீட்டில் நடந்த நல்ல சிகிச்சை என்று நான் நம்புகிறேன்.

இயன்முறை மருத்துவரைப் பார்க்கப் பணம் வேண்டுமே என்று தயங்க வேண்டாம். ஸ்டான்லி அரசு மருத்துவமனை போன்ற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அதற்கென்று தனிப் பிரிவே உண்டு. அடுத்த மறுபரிசோதனையில், மருந்துச் சீட்டோடு "எனக்கு எந்தப் பயிற்சி, எவ்வளவு நேரம்" என்று எழுதித் தரும்படியும் கேளுங்கள்.

நடக்கப் போகும்போது கைப்பேசியைச் சார்ஜ் போட்டு, ஒலியைக் கூட்டி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போக வேண்டும். உறுப்பு வந்திருக்கிறது என்ற அழைப்பு எந்த நேரத்திலும் வரலாம். எடுக்காவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். கூட நடப்பவரிடமும் மருத்துவமனையின் எண் இருக்கட்டும்.